ஒரே டப்பா, வேறு வேறு கை

அன்புள்ள அம்மு,

கல்லூரிப் பத்திரிகைக்காக நியூ பிரன்ஸ்விக் பக்கத்து டைனர்களில் டூனா மெல்ட் சாப்பிட்டுப் பார்த்து எழுதிய கட்டுரையை அனுப்பியிருந்தாய். படித்தேன். ஒரு கடையில் 'அருமை', அடுத்ததில் 'பரவாயில்லை', மூன்றாவதில் 'ஏமாற்றம்'. உனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் தெரிந்தது. சமையல்கட்டில் யார் என்ன செய்தார் என்பது தெரியவில்லை. தீர்ப்பு என்றால் அதுதான் வேண்டும்.

தேர்ந்தெடுத்த பண்டம் சரியானது. மீனும் மயோனைஸும் கலந்து ரொட்டியில் வைத்து, சீஸ் உருகச் சுடும் இந்த டூனா மெல்ட் சாண்ட்விச்சில் போடும் எதுவும் அந்தக் கடையின் சொந்தப் பெருமை இல்லை. மீன் டப்பாவில் வருகிறது, மயோனைஸ் வாளியில் வருகிறது, சீஸ் வில்லை வில்லையாக அடுக்கி வருகிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கும் ஏறக்குறைய இதே சரக்குதான். ஆகவே ருசி மாறினால் கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டேக் சாப்பிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. விலை உயர்ந்த மாட்டிறைச்சி சுமாரான சமையல்காரரையும் காப்பாற்றிவிடும். உன் தாத்தா புது ஓட்டலுக்குப் போனால் ஸ்பெஷல் எதையும் கேட்க மாட்டார், இரண்டு இட்லி போதும் என்பார். அதே கணக்குதான்.

முதலில் மீன். நம் ஊர்ச் சூரை இனம்தான். அமெரிக்க டப்பாவில் 'ஒயிட்' என்று போட்டிருந்தால் உள்ளே ஆல்பகோர் மட்டுமே இருக்கலாம், விதியே அப்படி. 'லைட்' என்றால் பெரும்பாலும் ஸ்கிப்ஜாக், மாலத்தீவில் மாசிக்கருவாடாக மாறும் அதே மீன். வெள்ளை நிறத்துக்கு அமெரிக்காவில் இருக்கும் மவுசு பழையது. 1903-ல் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் மத்தி வரத்து குறைந்தபோது, ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவர் காலியான டப்பாக்களை ஆல்பகோரால் நிரப்பிப் பார்த்தார். ஆவியில் வெந்ததும் சதை வெளுத்துக் கோழிக்கறி போல இருந்தது. மீன் வாடை பிடிக்காதவர்களும் வாங்கினார்கள். எனக்கென்னவோ மெல்ட்டுக்கு லைட்தான் சரி. சீஸின் பக்கத்தில் நிற்க மீனுக்குக் கொஞ்சம் வாசம் வேண்டும். நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எந்த மீன் என்று கேட்டு எழுது. பரிமாறுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இனி தண்ணீர். பாதிக் கடைகள் தோற்பது இங்கேதான். டப்பா மீனை வடிகட்டியில் கொட்டி நன்றாக அழுத்திப் பிழிய வேண்டும். அவசரக்காரர் மூடியை லேசாக அழுத்தி டப்பாவைச் சாய்ப்பதோடு விட்டுவிடுவார். தங்கிய நீர் மயோனைஸை இளக்கும். பொடியாக நறுக்கிப் போட்ட செலரியும் வெங்காயமும் உப்புப் பட்டு நேரம் ஆக ஆக நீர் விடும். அதனால் காலையில் கலந்தது மாலையில் தொளதொளவென்று ஆகிவிடும். மயோனைஸோ எண்ணெயை முட்டை மஞ்சள்கரு கட்டிவைத்திருக்கும் கலவை. சூடு ஏறினால் கட்டு விட்டு எண்ணெய் பிரியும். ஆகவே சாண்ட்விச்சைத் தூக்கித் தட்டைப் பார். தெளிந்த நீர் தேங்கியிருந்தால் பிழியவில்லை, அல்லது கலவை பழையது. மஞ்சளாக எண்ணெய் ஓடியிருந்தால் மயோனைஸ் அதிகம், அல்லது அதிகச் சூடு, அல்லது நாள்பட்ட செடார் சீஸ். இரண்டையும் 'ஈரமாக இருந்தது' என்று ஒரே வரியில் எழுதுவது அநியாயம்.

சீஸ் விஷயத்தில் நீ அமெரிக்கன் சீஸைக் கிண்டல் செய்திருந்தாய். வேண்டாம். செடார் முதிர முதிர ருசி ஏறும், உருக்கினால் எண்ணெய் கக்கும். அமெரிக்கன் சீஸில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்வதால் அது வழவழப்பாக உருகும். பதப்படுத்திய சீஸுக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் காப்புரிமை வாங்கியது 1916-ல். தனியே தின்றால் சுமார்தான். மெல்ட்டில் அதற்கு வேலை இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினம் சூடு. மீன் கலவையை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் குளிரில் வைக்க வேண்டும் என்பது சுகாதார நெறி. அந்தக் குளிர்ந்த கட்டியை நடுவில் வைத்துவிட்டு, ரொட்டி கருகாமல் சீஸ் உருகவேண்டும். ஐஸ்கிரீம் கரண்டியால் எடுத்த உருண்டையைப் பரப்பாமல் அப்படியே வைத்து மூடினால், வெளியே சிவந்து உள்ளே சில்லென்று இருக்கும். தெரிந்த கை, இரண்டு ரொட்டித் துண்டையும் கல்லில் போட்டு, இரண்டிலும் சீஸ் வைத்து, அது குழைந்த பிறகே மீனை மெல்லிசாகப் பரப்பி மூடும். இரு பக்கமும் சீஸ் இருப்பதால் மீனின் ஈரம் ரொட்டிக்குப் போகாது. சிலர் மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து ஆவி கட்டுவார்கள். மூடாமல் திறந்தபடி பரிமாறும் கடையில் மேலிருந்து அனல் இறங்கும் அடுப்பில் வைப்பார்கள். அங்கே சீஸ் கொப்புளித்துப் புள்ளி புள்ளியாகச் சிவக்கும், ஆனால் அடிரொட்டியை முன்பே வாட்டியிருக்காவிட்டால் நமத்துப்போகும். அதனால் இரண்டாகப் பிளந்து நடுவிலிருந்து முதல் கடி கடி. ஓரத்தில் கடித்தால் எல்லாக் கடையும் ஜெயிக்கும்.

சூட்டில் தவறியதற்கு ஓர் உதாரணம்: 2020 ஏப்ரலில் வர்ஜீனியா செனட்டர் மார்க் வார்னர் இன்ஸ்டாகிராமில் டூனா மெல்ட் செய்து காட்டினார். மயோனைஸை அப்பி, மைக்ரோவேவில் வைத்து எடுத்தார். சிரிக்காதவர் இல்லை. அப்போது செனட்டராக இருந்த கமலா ஹாரிஸ், நம் ஊர்ச் சியாமளா கோபாலனின் மகள், வீடியோவிலேயே அவருக்குப் பாடம் எடுத்தார். மைக்ரோவேவில் சீஸ் உருகத்தான் செய்யும்; ரொட்டி சிவக்காது, ரப்பர் போல இழுக்கும். இதை ஒருமுறை தெரிந்தே சாப்பிட்டுப் பார், பிறகு எந்தக் கடையில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாய்.

கஃபேக்களை டைனர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தாதே. புளித்த மாவு ரொட்டி, க்ரூயேர் சீஸ், ஊறுகாய் வெங்காயம் என்று அவர்கள் சரக்கிலேயே பாதி வெற்றியை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடும் கஃபேக்களும் உண்டு. விலையை எழுது, கூடுதல் காசுக்கு என்ன கிடைத்தது என்றும் எழுது.

போகும் நாளும் முக்கியம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடுவதில்லை. அன்று மீன் பண்டங்களுக்குக் கிராக்கி. கலவை புதிதாக இருக்கும், கல்லடியில் நிற்பவருக்கு நிதானம் இருக்காது. சாதாரண செவ்வாய் மதியம் மூன்று மணிக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

ஒரு எச்சரிக்கை. கடித்ததும் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுரீர் என்றால் கீழே வைத்துவிடு. குளிரில் வைக்காத சூரை இன மீனில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவக்கும், தலை வலிக்கும். எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. அதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளாதே, முதலில் கடைக்காரரிடம் சொல்.

அப்புறம், மாதத்துக்குப் பத்துக் கடை என்று திட்டம் போட்டிருக்கிறாயே, அதைக் குறை. ஆல்பகோரில் பாதரசம் ஸ்கிப்ஜாக்கைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உன் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு, ஆல்பகோர் என்றால் வாரம் ஒரு வேளை, லைட் என்றால் இரண்டு மூன்று வேளை. ஒரு வேளை என்பது சுமார் 113 கிராம். தாராளமான டைனர் ஒரே சாண்ட்விச்சில் அதைத் தாண்டிவிடும். தோழியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி பாதியாகச் சாப்பிடு. டிப்ஸை மட்டும் முழுசாகக் கொடு.

அன்புடன்,
மாமா