கொல்லையில் பெர்கோலா போடுமுன்

வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுமாதமே கொல்லையில் பெர்கோலா போட்டுவிட வேண்டும் என்று துடிக்கிற இளம் தம்பதிகளைப் பினாங்கில் இப்போது நிறையப் பார்க்கிறேன். வீட்டுச் சீரமைப்புக்கு வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் ஒரு படத்தோடு வருகிறார்கள்; அது கலிஃபோர்னியாவிலோ லண்டனிலோ எடுத்த படமாக இருக்கும். மீதிப் பேர் பெரியவர்கள் சொன்னதற்காக வருகிறார்கள். "மாமா முழுசா மூடிடச் சொல்றாரு அங்கிள். இல்லன்னா துணி நனையும், திருடன் வருவான்னு தினமும் இதே பேச்சுதான்" என்றாள் அண்மையில் வந்த ஒரு பெண். கொல்லை எத்தனை அடி என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, கூட வந்த கணவருக்கும் தெரியவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்த பிறகு கடைசியாகத்தான் அளவு நாடாவை எடுக்கிறார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட ஐந்தடிக்கு மூன்றடி மேசை போதும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க நாலு பக்கமும் மூன்று மூன்று அடி விடுங்கள். தூண்களுக்கு உள்ளே 11க்கு 9 அடி வரும். கொஞ்சம் தாராளமாக 12க்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். தூண்களுக்கு வெளியேயும் மதில் வரை மூன்றடி இருக்க வேண்டும். ஏணி சாத்த, வர்ணம் பூச, செடி நட, காற்று புகுந்து வெளியேற அந்த இடம் தேவை. தனியாக நிற்கிற பெர்கோலாவுக்கு ஆகக் குறைந்தது 18க்கு 16 அடி நிலம் வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் ஒரு பக்கம் மூன்றடி மிச்சமாகும்.

20க்கு 70 அடி வரிசை வீட்டில் இந்த இடம் பெரும்பாலும் கிடைக்காது. பின்னால் பத்தடி இருக்கும். அதிலும் முன்பிருந்தவர் சமையலறையை நீட்டியிருந்தால் ஐந்தடிதான். அங்கே பெர்கோலாவை மறந்துவிடுங்கள். சுவரோரம் கம்பி கட்டி ஒரு கொடியை ஏற்றிவிட்டால் அந்த இடம் குளிர்ந்துவிடும். மூலை வீடு, இரட்டை வீடு, பங்களா வைத்திருப்பவர்கள்தான் மேற்கொண்டு யோசிக்கலாம். அவர்களும் காகிதத்தில் முதலில் குறிக்க வேண்டியது லோங்காங் என்கிற வடிகால் ஓடும் பாதையையும் கழிவுநீர்க் குழியின் மூடியையும்தான். அந்த மூடியின் மேல் தூணோ தளமோ வந்துவிட்டால், அடைப்பு எடுக்க ஆள் வரும் அன்று உடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வெயில். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. இங்கே உச்சிப்பொழுது நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை; பகல் ஒன்று இருபது வாக்கில் வருகிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் அந்த நேரத்துச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். லண்டனில் ஜூன் மாத உச்சிவெயில்கூட 62 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. சாய்ந்து வரும் அந்த வெயிலை ஆறங்குலச் சட்டங்கள் பெருமளவு தடுத்துவிடும். இங்கே இரண்டங்குலத் தடிமனுள்ள சட்டங்களை ஆறங்குல இடைவெளி விட்டு அடித்தால், உச்சிவெயிலில் முக்கால் பங்கு அப்படியே தரைக்கு இறங்கும். படத்தில் கண்ட நிழல் இங்கே விழாது.

மாலை வெயில் இன்னும் சூட்சுமமானது. நாலரை மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய 45 பாகையில் இருக்கும். எட்டடி உயரப் பந்தலின் நிழல் அப்போது எட்டடி கிழக்கே தள்ளி விழும். பத்தடி அகலப் பந்தலுக்குக் கீழே இரண்டடிதான் நிழல்! ஜனங்கள் வெளியே வந்து உட்காருவதோ தேநீர் நேரத்தில்தான். மேற்குப் பார்த்த கொல்லையில் மேற்கூரைக்குச் செலவு செய்வதைவிட மேற்குப் பக்கம் ஒரு கொடித்தட்டி எழுப்புவது எவ்வளவோ மேல்.

இனி எதைப் போடுவது என்று பார்ப்போம். வெறும் மரச் சட்டம் அழகாக இருக்கும், நிழல் குறைவு. கூரைத் தகடுகள் திறந்து மூடுகிற அலுமினியப் பெர்கோலா நல்ல பொருள்தான். பணம் இருப்பவர்கள் போடலாம். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா மாதிரி கடலோரம் இருப்பவர்கள் அதன் திருகாணிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள்.

இன்றைக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது இரும்புச் சட்டத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மதிலோடு மதிலாக மூடுகிற வழிக்குத்தான். காண்ட்ராக்டருக்கு மூன்று நாள் வேலை. பெரியவர்களுக்குத் துணி நனையாது என்ற திருப்தி. அந்த வீட்டில் தினமும் சமைக்கிறவரைத்தான் யாரும் கேட்பதில்லை. தகடு புற ஊதாக் கதிரைத் தடுக்கும், உண்மைதான். வெளிச்சத்தோடு வெப்பமும் உள்ளே வந்துவிடுகிறது. வந்த சூடு மேலே போக வழியில்லை, பக்கவாட்டில் மதில். இரண்டு மணிக்கு அந்தச் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

தண்ணீரைக் கணக்குப் போடுங்கள். 12க்கு 12 அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 670 லிட்டர் சேரும். பினாங்கில் அது அதிசய மழை அல்ல. சரிவு போதாமல், பீலி சிறிதாக இருந்தால் அவ்வளவும் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டும். அதோடு அண்டை உறவும் போகும். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975இல் வந்த சட்டப்படி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான் வரும், காண்ட்ராக்டருக்கு அல்ல.

காற்று இவற்றைவிட முக்கியம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பின்னிரவிலும் விடியற்காலையிலும் மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிற சுமத்ராக் காற்றை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது அடித்தால், அதே 12க்கு 12 கூரையை மேலே தூக்குகிற விசை கிட்டத்தட்ட 400 கிலோ எடைக்குச் சமம். திறந்த சட்டத்துக்குள் காற்று புகுந்து போய்விடும். மூடிய தகடு பாயாக விரிந்து அதைத் தாங்கும். ஓரடிக் குழியில் போட்ட கான்கிரீட்டின் எடை 68 கிலோதான். நாலு தூணுக்கும் சேர்த்து 270 கிலோ. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் தோண்டினால் ஒவ்வொன்றும் 540 கிலோ வரும். இந்த ஆழத்துக்குத் தோண்டச் சொன்னால் "தேவையில்லை போஸ்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையில் வேரோடிய பெரிய மரங்களே சாய்ந்தன.

சில ஆண்டுகள் ஆன பாலிகார்பனேட் தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் குழல்களில் வரிவரியாகப் பச்சைப் பாசி ஓடியிருக்கும். முனைகளைப் பட்டை ஒட்டி அடைக்காததால் ஈரம் புகுந்து வந்த பாசி அது. வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தகட்டின் ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் கதிர்தடுப்புப் பூச்சு இருக்கும். அதைக் கீழே பார்க்க வைத்துத் திருகிவிட்டால் சீக்கிரமே மஞ்சளாகும். நாலு மீட்டர் தகடு 30 பாகைச் சூட்டு வித்தியாசத்துக்கு எட்டு மில்லிமீட்டர் நீளும். துளையை இறுக்கமாகப் போட்டிருந்தால் திருகாணியைச் சுற்றி வெடித்து அங்கிருந்து ஒழுகத் தொடங்கும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள் நடுவில் வானம் பார்த்த முற்றத்தை விட்டது இடத்தின் அருமை தெரியாததால் அல்ல. நீண்டு ஒடுங்கிய வீட்டுக்குள் சூடு மேலே ஏறிப் போக அதுதான் வழி. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் அப்படி ஒரு வீடு உங்களுக்கு வாய்த்திருந்தால், முற்றத்தின் மேல் எதையும் போடுமுன் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், எதையும் போடாதீர்கள்.

நான் எப்போதும் சாய்வது கொடி ஏற்றிய மரப்பந்தல் பக்கம். தோட்டத்து வீட்டில் பாகற்பந்தலுக்குக் கீழே பாடம் படித்து வளர்ந்தவன் நான். அந்தக் குளிர்ச்சியை எந்தத் தகட்டுக் கூரையின் கீழும் நான் உணர்ந்ததில்லை. தூணுக்குச் செங்கால் மரம் போடுங்கள். விலை அதிகம், ஆனால் கரையானுக்கும் மழைக்கும் அது நிற்கும். மெரந்தி மலிவு, வெளியே மழையில் நிற்க லாயக்கில்லை. மெர்பாவ் உறுதியானது, முதல் சில மழைகளில் அதன் பழுப்புச் சாறு வடிந்து தரைக்கல்லில் கறை படியும். எந்த மரமானாலும் மண்ணில் புதைக்காமல், துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியில் தரைக்கு இரண்டங்குலம் மேலே நிறுத்துங்கள். கரையான் ஏறினால் அதன் மண்பாதை அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கொடியில் சங்குப்பூவும் பாகலும் புடலையும் சில மாதங்களில் மேலே ஏறிவிடும். ரங்கூன் மல்லி நிதானமாகப் படர்ந்து பந்தலை மூட இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். இலை உதிரும், கம்பளிப்பூச்சி வரும். காலையில் பெருக்க மனமில்லாதவர்கள் கொடியை நடவே வேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்லுவேன். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றோ, மாமனார் முகம் கோணும் என்றோ ஒன்றைக் கட்டிவிடக் கூடாது. உங்கள் மண்ணுக்கு என்ன பொருந்தும், உங்கள் கைக்கு எது வரும், அந்தி நேரத்தில் அங்கே உட்காரப்போவது யார் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு அவகாசம் தேவை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கொல்லையில் ஒரு நாற்காலியை மட்டும் போட்டு உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, காற்று எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதைக் காண்ட்ராக்டரைவிட நீங்கள் தெளிவாகச் சொல்லுவீர்கள். பெரியவர்களையும் அதே நாற்காலியில் இரண்டு மணிக்கு உட்கார வையுங்கள்; பாதிப் பேர் தாமாகவே மனம் மாறுவார்கள். துணி நனைகிறது என்றால் துணிக்கொடிக்கு மட்டும் நாலடியில் ஒரு தாழ்வாரம் இறக்கிக் கொடுக்கலாம்.

செப்டம்பரும் அக்டோபரும் இங்கே கனத்த மழை. அந்த மாதங்களை வரைபடத்துக்கும் அனுமதிக்கும் ஒதுக்குங்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டோடு புதிதாக எதைச் சேர்த்துக் கட்டினாலும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டாக வேண்டும். வரைபடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மரத்தை டிசம்பருக்குள் சொல்லி வையுங்கள். ஜனவரியில் மண் காய்ந்ததும் குழி தோண்டலாம். கான்கிரீட் போட்டபின் ஏழு நாள் ஈரம் காயாமல் சாக்குப் போட்டு நனைத்து, அதன் பிறகு தூணை ஏற்றுங்கள்.