கைப்பேசிச் செய்தியும் உறுதிச் சோதனையும்

ஆய்வகத்தில் சுடர் பச்சையாக எரிந்த மாத்திரத்தில் ‘பேரியம்’ என்று எழுதிவிட்டு வந்தால் நம் பேராசிரியர் விடுவாரா? தாமிரமும் பச்சை காட்டுமே, உறுதிச் சோதனை எங்கே என்பார். கைப்பேசியில் வரும் செய்திக்கு மட்டும் அச்சோதனையை நாம் ஏன் செய்வதில்லை?

2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டதாகத் தமிழகத்தில் வாட்ஸ்அப் வழியே வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தினர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். ஊரார் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் இறந்தார்.

அப்போது நான் பள்ளிச் சிறுவன். கொல்லிமலையில் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. சோளக்காட்டுச் சந்தைக்குப் போன மாமாவின் கைப்பேசியில் அச்செய்தி ஏறி ஊருக்கு வந்தது. காவல்துறையின் மறுப்போ மலையேறவில்லை! மறுநாள் வந்த பாத்திர வியாபாரியைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டனர். என் பாட்டி மட்டும், “பிள்ளை காணாமப் போச்சுன்னு யாரு வீட்டுல அழுதாங்க? போன வருசம் எனக்கு அன்னக்கூடை வித்த ஆளுப்பா இது” என்று அவரைத் திண்ணையில் உட்கார வைத்தார். படிக்காத பாட்டி செய்தது உறுதிச் சோதனையன்றி வேறென்ன?

அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காட்சி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வர். உண்மையில் அது 2016இல் பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவர். அப்பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். இத்தகைய படத்தில் ஒரு காட்சியை நிறுத்திக் கூகுள் லென்ஸில் தேடினால் பெரும்பாலும் மூலம் அகப்படும். கடைப் பலகை, வண்டி எண், பேச்சுமொழி ஆகியவையும் ஊரைக் காட்டிக் கொடுக்கும். குரல் பதிவுதான் கடினம். ஊர், தேதி, கண்டவர் பெயர் கேட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பதே வழி. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ‘அனுப்பப்பட்டது’ என்ற குறியைச் சேர்த்து, இந்தியாவில் ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. ஐந்து போதாதா என்பது என் ஐயம்!

சென்ற விடுமுறையில் முழுப் படத்தையும் மாமாவிடம் காட்டினேன். பலகை காட்டும் இடத்தை இருமுறை பார்த்தார். “இந்தத் துண்டு மட்டும் ஏன்டா நம்மகிட்ட வரல?” என்றார்.