எந்தக் கம்ப்யூட்டரில் அமர்ந்தாலும் உங்கள் டெஸ்க்டாப்!

கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் நுழைந்தவுடன் நீங்கள் வைத்த வால்பேப்பர், ஐகான்கள், பிரவுசரில் சேர்த்த புக்மார்க்குகள் எல்லாம் வந்து நிற்கின்றன. அதே கம்ப்யூட்டரில் உங்கள் தம்பி அவர் பெயரில் நுழைந்தால் அவருடையவை வருகின்றன. இவற்றை விண்டோஸ் எங்கே வைத்திருக்கிறது? கல்லூரி லேபில் வேறு வேறு கம்ப்யூட்டரில் அமர்ந்தாலும் ஒரே டெஸ்க்டாப் வருவது எப்படி? சில சமயம் அது வராமல் போவது ஏன்? இந்த இதழில் பார்ப்போம்.

யூசர் புரொஃபைல் என்பது என்ன?

ஒவ்வொரு பயனாளருக்கும் விண்டோஸ் ஒரு தனி ஃபோல்டர் உருவாக்கும். இதுவே யூசர் புரொஃபைல். எக்ஸ்பி வரை இது 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் இருந்தது. விஸ்டா முதல் சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அதனுள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை தெரியும்.

மறைந்திருப்பவை இன்னும் உண்டு. எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டர் தெரியும். புரோகிராம்கள் உங்களுக்கான செட்டிங்ஸை இதில்தான் எழுதி வைக்கின்றன. 'என்டியூசர்.டேட்' என்ற ஃபைலில் ரெஜிஸ்ட்ரியில் உங்களுக்கான பகுதி இருக்கிறது. இந்த இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

ஆக, புரொஃபைலில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, நீங்கள் உருவாக்கிய ஃபைல்கள். மற்றொன்று, விண்டோஸும் புரோகிராம்களும் எழுதிக்கொண்ட செட்டிங்ஸ். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமிங் எப்படி நடக்கிறது?

கல்லூரி, அலுவலக நெட்வொர்க்கில் இந்தப் புரொஃபைலை ஒரு சர்வரில் வைப்பார்கள். நீங்கள் லாக் ஆன் செய்யும்போது அது சர்வரிலிருந்து உங்கள் முன் உள்ள கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகும். லாக் ஆஃப் செய்யும்போது மாற்றங்கள் சர்வருக்குத் திரும்பிப் போகும். ஆப்டேட்டாவில் 'ரோமிங்' என்ற ஃபோல்டர் இப்படிப் பயணம் செய்யும். 'லோக்கல்' என்ற ஃபோல்டர் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். டெஸ்க்டாப்பில் பெரிய வீடியோக்களைப் போட்டு வைத்தால் லாக் ஆன் ஆக நெடுநேரம் பிடிக்கும். லாக் ஆஃப் செய்யாமல் பவர் பட்டனை அணைத்தால் அன்றைய வேலை சர்வருக்குப் போய்ச் சேராது.

விண்டோஸ் மாறினால்?

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி லேபைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வரிசையில் விண்டோஸ் 7, அடுத்த வரிசையில் விண்டோஸ் 10. புரொஃபைல்கள் இருந்ததோ ஒரு லினக்ஸ் சர்வரில். லினக்ஸில் இயங்கும் 'சாம்பா' என்ற மென்பொருள், விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபைல் சர்வராகச் செயல்படும்.

அங்கே ஒரு மாணவி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் வருபவர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. லேபில் கிடைக்கும் நேரத்தில்தான் புராஜெக்டை டைப் செய்து வந்தார். அன்று விண்டோஸ் 10 வரிசையில் இடம் கிடைத்தது. லாக் ஆன் செய்தால் டெஸ்க்டாப் காலி! பல வார உழைப்பு போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்.

உண்மையில் எதுவும் அழியவில்லை. விண்டோஸின் பதிப்புகளுக்கு இடையே ரெஜிஸ்ட்ரி, ஸ்டார்ட் மெனு போன்றவை மாறுகின்றன. ஒன்றின் செட்டிங்ஸை இன்னொன்று படித்தால் குழப்பம் வரும். எனவே சர்வரில் ஃபோல்டர் பெயருடன் ஒரு அடையாளத்தை விண்டோஸ் தானே சேர்த்துக்கொள்ளும்:

* எக்ஸ்பி: அடையாளம் எதுவும் இல்லை
* விஸ்டா, விண்டோஸ் 7: .வி2
* விண்டோஸ் 8: .வி3, 8.1: .வி4. ஆனால் நெட்வொர்க்கைக் கவனிப்பவர் உரிய அப்டேட்டைப் போட்டு ரெஜிஸ்ட்ரியிலும் மாற்றினால்தான் இவை வரும், இல்லையெனில் இவையும்.வி2-வையே எடுத்துக்கொண்டு விண்டோஸ் 7-உடன் மோதும்
* விண்டோஸ் 10-ன் முதல் பதிப்புகள்: .வி5
* 2016-ல் வந்த 1607 பதிப்பு முதல் விண்டோஸ் 10, மற்றும் விண்டோஸ் 11: .வி6

சர்வரில் தேடினோம். 'ஸ்டூடன்ட்21.வி2', 'ஸ்டூடன்ட்21.வி6' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. முதலாவதில் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டரில் புராஜெக்ட் ஃபைல் பத்திரமாக இருந்தது.

தீர்வு என்ன?

செட்டிங்ஸ் அந்தந்த விண்டோஸுக்குத் தனித்தனியாக இருக்கட்டும். ஃபைல்கள் மட்டும் பொதுவாக இருக்கட்டும். இதற்கு 'ஃபோல்டர் ரீடைரக்ஷன்' என்ற வசதி உள்ளது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைப் புரொஃபைலிலிருந்து பிரித்து, சர்வரில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டும்படி அமைத்துவிடலாம். அந்த லேபிலும் இப்படியே அமைத்தோம். இப்போது எந்த வரிசையில் அமர்ந்தாலும் ஃபைல்கள் வருகின்றன. ஃபைல்கள் ஒவ்வொரு முறையும் காப்பி ஆவதில்லை என்பதால் லாக் ஆன் ஆகும் நேரமும் குறைந்துவிட்டது.

இதே கணக்கு லினக்ஸுக்கும் பொருந்தும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது நினைவிருக்கும். ஒரே லேப்டாப் ஆனாலும் விண்டோஸ் வால்பேப்பர் லினக்ஸில் வராது. லினக்ஸ் தன் செட்டிங்ஸை 'ஹோம்' ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் பெயர்களில் தனியே வைக்கிறது. ஆனால் விண்டோஸ் பார்ட்டிஷனில் உள்ள பாடக் குறிப்பை அங்கிருந்தே திறக்கலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

1. டி டிரைவ் இருந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அங்கே மாற்றலாம். முதலில் டி டிரைவில் டாக்குமென்ட்ஸ் என்ற பெயரில் ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்கவும். பழைய ஃபோல்டர் மீது ரைட் க்ளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' டேபைத் தேர்ந்தெடுக்கவும். 'மூவ்' பட்டனை அழுத்திப் புதிய ஃபோல்டரைக் காட்டவும். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்ய நேர்ந்தால் ஃபைல்கள் தப்பும். ஹார்ட் டிஸ்க்கே பழுதானால் தப்பாது; எனவே வெளியே ஒரு காப்பி கட்டாயம் வேண்டும்.

2. 'டெம்பரரி புரொஃபைல்' என்று விண்டோஸ் செய்தி காட்டினால் அங்கே எதையும் சேவ் செய்யாதீர்கள். லாக் ஆஃப் செய்தவுடன் அந்தப் புரொஃபைல் அழிந்துவிடும். ஏதேனும் சேவ் செய்திருந்தால் முதலில் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, பிறகு ரீஸ்டார்ட் செய்யவும்.

3. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். பழையதிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றைக் காப்பி செய்தால் போதும். ஆப்டேட்டாவை அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். புக்மார்க்குகளைப் பிரவுசரிலுள்ள எக்ஸ்போர்ட் வசதி மூலம் எடுத்துச் செல்லுங்கள்.

4. உங்கள் பிள்ளை லேபில் வேலை செய்பவர் என்றால் மூன்று பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள்: எழுந்திருக்கும் முன் லாக் ஆஃப் செய்வது, முக்கியமான ஃபைலைப் பென் டிரைவிலும் வைப்பது, டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் புதிதாகத் தொடங்காமல் லேப் பொறுப்பாளரிடம் கேட்பது. ஃபைல் பெரும்பாலும் பக்கத்து ஃபோல்டரிலேயே இருக்கும்.