வரிக்கு நடுவே ஒரு வரி

நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; ஆனால் பாட்டி செல்போனில் தமிழில் எழுதி அனுப்பினால் அதை அம்மாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இவர்களுக்குப் பொருத்தமான பழைய முறை ஒன்று உண்டு. மூல வரியை எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகத் தெரிந்த மொழியின் சொல்லைச் சிறிதாக எழுதுவது.

1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான 'கார்த்தீல்யா' என்ற சிறு கிறிஸ்தவ நூல் இப்படித்தான் அமைந்தது. தமிழ் அறிந்த இந்தியர் மூவர் அதைத் தயாரித்தனர். தமிழ் எழுத்து அதில் இல்லை; தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, வரிகளுக்கிடையே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம் கொடுத்தார்கள். அது போதாதென்று முழு வாக்கியத்தின் பொருளையும் தனியே தந்தார்கள். காரணம் எளிது. தமிழில் வினை கடைசியில் வரும். போர்த்துகீசியத்தில் பொதுவாக முன்னதாகவே வந்துவிடும். ஆகவே சொல்லுக்குச் சொல் வைத்த வரியை மட்டும் படித்தால் தலைசுற்றும். ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான்.

இந்தி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் குறைவு. பாருங்கள்:

தாத்தா – எனக்குக் – கதை – சொன்னார்
தாதா நே – முஜே – கஹானி – ஸுனாயீ

வரிசை அப்படியே பொருந்துகிறது. (பிள்ளைகள் இந்தியை நாகரி எழுத்திலேயே எழுதட்டும்.) ஆனால் 'நே' என்பதற்குத் தமிழில் ஈடு இல்லை. அதைவிடச் சுவையானது கடைசிச் சொல். கதை சொன்னவர் ஆண், 'ஸுனாயீ' பெண்பால்! இந்தியில் இங்கே வினை கதையைப் பின்பற்றுகிறது. 'கஹானி' பெண்பால் சொல். அதற்குப் பதில் 'கிஸ்ஸா' என்று போட்டால் 'ஸுனாயா' ஆகிவிடும். தமிழ் வினையோ தாத்தாவைவிட்டு நகராது. அவருக்குரிய மரியாதையையும் 'ஆர்' விகுதியில் சுமந்து நிற்கும். இலக்கணப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதை இந்த இரண்டு வரி காட்டிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் லிஸ்பன் நூலைப் பின்பற்ற வேண்டாம். மேல் வரி தமிழ் எழுத்திலேயே, பெரிதாக இருக்கட்டும். உச்சரிப்பை நாகரியிலோ ஆங்கில எழுத்திலோ கொடுத்தால் பிள்ளையின் கண் அங்கேயே போகும். தமிழ் எழுத்து வெறும் அலங்காரமாகிவிடும்.

பாட்டி அனுப்பிய நாலு வரியிலிருந்தே தொடங்கலாம். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். தெரிந்த சொல்லுக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, கீழ் வரியை ஒரு அட்டையால் மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிற சொல்லுக்கு மட்டும் அட்டையை நகர்த்தினால் போதும்.