உன் ஜட்டியை நீயே துவை

தம்பி, வேலை கிடைத்து ஹைதராபாத்தின் பேகம்பேட்டுக்கு வந்துவிட்டாய். பிஜி விடுதியில் ஒரு கட்டில், பாதி அலமாரி, நாலு பேருக்குப் பொதுவாக ஒரு குளியலறை. சம்பளத்தை எப்படிச் சேர்ப்பது, மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் புத்தி சொல்ல உனக்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஜட்டியைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வர மாட்டார்கள். நம் வீடுகளில் கல்யாணம் வரை அம்மாவும் அதன் பிறகு மனைவியும் துவைத்துப் போடுவார்கள். அறுபது வயதிலும் தன் உள்ளாடை எந்தச் சோப்பில் வெளுக்கிறது என்று தெரியாத ஆண்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். நீ அந்த வரிசையில் சேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே படி, ஆனால் கடைசி வரைக்கும் படி.

1. இதை அடுத்தவர் கையில் விடாதே. பிஜியில் துணி துவைக்க வரும் அம்மாவிடம் சட்டையைப் போடு, பேன்டைப் போடு, போர்வையையும் போடு. ஜட்டியைப் போடாதே. காசு கொடுக்கிறோமே என்று வாதாடாதே. நீ வந்து சேர்ந்திருக்கும் மண்ணுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. நிஜாம் காலத்துத் தெலங்கானா கிராமங்களில் தேஷ்முக் என்ற நிலக்கிழாரின் வீட்டுத் துணியைச் சலவைக் குடும்பங்கள் கூலி வாங்காமல் வெளுத்துக் கொடுத்தாக வேண்டும். வெட்டி வேலை என்று அதற்குப் பெயர். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் சாகலி ஐலம்மா. 1940-களில், பாலகுர்த்தியில் தான் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட நிலத்தின் விளைச்சலை விஸ்நூர் தேஷ்முக்குக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். இந்த நகரத்துக் கோட்டிப் பகுதியில் இருக்கிற மகளிர் பல்கலைக்கழகம் 2024 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது பெயர்ப்பலகையைப் பார். பார்த்துவிட்டு அறைக்கு வந்து உன் ஜட்டியை இன்னொரு பெண் கையில் கொடுக்க உனக்கு மனம் வருமா?

2. அன்றைக்குள்ளதை அன்றே முடி. குளிக்கப் போகும்போது கழற்றியதை, குளித்து முடிப்பதற்குள் அலசிவிடு. ஐந்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாலிதீன் பையில் திணிப்பவர்கள் உண்டு. எனக்கு அறைத்தோழனாக இருந்த ஒருவன் அப்படித்தான் செய்வான். நல்ல பையன், ஆபீஸில் கெட்டிக்காரன். மழைக்காலம் ஒன்று முடிவதற்குள் அவன் துணியெல்லாம் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி. ஈரத்தில் வரும் பூஞ்சணம் பருத்தி நூலையே தின்னும். எந்தச் சோப்புப் போட்டாலும் அந்தப் புள்ளி போகாது, கொஞ்ச நாளில் அந்த இடத்தில் துணி இற்றுவிடும். சோம்பலுக்கு வாரம் ஒரு புது ஜட்டி விலை என்று அவனைக் கேலி செய்வோம்.

3. தண்ணீரைத் தெரிந்துகொள். இந்த நகரத்துக் குழாய்த் தண்ணீர் மஞ்சீராவிலிருந்தும் கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் வருகிறது. அது போதாத கட்டடங்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். உன் பிஜியில் எது ஓடுகிறது என்று சோப்பே சொல்லிவிடும். நுரை வராமல் கையில் பிசுபிசுவென்று வெள்ளைப் படிவு ஒட்டினால் அது கடினத் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து துணியின் இழைக்குள் படியும். நாளாக நாளாகத் துணி மொரமொரப்பாகும், வெள்ளை சாம்பல் நிறமாகும், வியர்வையை உறிஞ்சாது. குளிக்கிற சோப்பையே தேய்த்துத் துவைக்கிறார்களே, அவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். கடினத் தண்ணீருக்கு டிடர்ஜென்ட் தூள்தான் சரி. அதையும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடாதே. நுரை கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் அலசு. அலசுவதற்குத்தான் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவன் மிச்சம் வைக்கும் சோப்பு அவன் தொடையிலேயே அரிக்கும்.

4. கையை மென்மையாக வைத்துக்கொள். உன் கொள்ளுத்தாத்தா கட்டிய கோவணத்தில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கல்லில் அடித்தாலும் அது தாங்கும். நீ போடுவது அப்படியில்லை. பருத்திப் பின்னலுக்குள்ளும் இடுப்புப் பட்டியிலும் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுவை நூல் ஓடுகிறது. 1958-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. பெரும்பாலும் ஜட்டி சாவது துணி கிழிந்தல்ல, இந்த நூல் தளர்ந்துதான். அதற்கு எதிரிகள் மூன்று: சூடு, குளோரின் பிளீச்சிங், முரட்டுக் கை. வெள்ளையாக வேண்டும் என்று பிளீச்சிங் ஊற்றினால் பட்டி மஞ்சளாகி இழுவை போய்விடும். பிரஷ் போடாதே, கல்லில் அறையாதே. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய். பிழியும்போது முறுக்காதே, அமுக்கி எடு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பெரியவர்கள் முறுக்கிக் கட்டச் சொல்லவில்லை. வெள்ளைக்கு மாதம் ஒரு முறை சொட்டு நீலம் போதும், அதையும் முதலில் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு துணியை நனை.

5. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமை பழைய ஜட்டியைப் போட்டுக்கொள். எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துத் தளர்த்தும். விலை குறைந்த பட்டிகளில் இன்னும் ரப்பர் நூல் இருக்கிறது.

6. வாஷிங் மெஷினில் போட்டே ஆக வேண்டிய வாரம் வரும். ஜுரம் வரும், இரண்டு ஷிஃப்ட் வேலை வரும். அப்போது வலைப் பை ஒன்றில் போட்டு, ஜீன்ஸோடு சேர்க்காமல், குறைந்த வேகத்தில் ஓட விடு. ஜீன்ஸின் ஜிப்பும் பொத்தானும் பின்னல் துணியைக் கொக்கி போட்டு இழுக்கும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை இதற்கு ஊற்றாதே. அது இழையின் மேல் ஒரு பூச்சுப் பூசிவிடும், வியர்வை உள்ளே போகாது. பொது மெஷின் என்றால் இன்னொன்றும் யோசி: உனக்கு முன்னால் யார் துணி அதில் ஓடியது என்று உனக்குத் தெரியாது.

7. வெட்கப்பட்டு ஒளித்துக் காயப்போடாதே. இது எனக்கு முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் ஜட்டியைக் கொடியில் போட்டு அதன் மேல் துண்டைப் போர்த்துவார்கள். இல்லையென்றால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார்கள். துண்டும் ஈரம், ஜட்டியும் ஈரம். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் பட்டியும் தையல் ஓரமும் சில்லென்று இருக்கும். அதையே மறுநாள் போட்டுக்கொண்டு போவார்கள். மானத்தைக் காப்பதாக நினைத்துத் தோலைக் கெடுத்துக்கொள்வார்கள். துவைத்த துணியில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் விரித்துப் போடு. பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடாதே, ஈரத்தின் கனம் பட்டியை இழுக்கும். கொடியின் மேல் பாதியாக மடித்துப் போடு. காலை வெயில் நல்லது. ஏப்ரல், மே மாதத்து நடுப்பகல் வெயில் வேண்டாம். இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டும், சாயமும் இழுவையும் சேர்ந்து போகும். அந்த மாதங்களில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உடனே எடுத்து மடித்து வை.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சோதனை. இந்த ஊர் ஆகஸ்டு எப்படிப் புழுங்கும் என்பதற்குப் பேகம்பேட்டிலேயே சாட்சி உண்டு. பழைய விமான நிலையத்துப் பக்கம் ரொனால்டு ராஸ் வேலை செய்த கட்டடம் இன்றும் இருக்கிறது. 1897 ஆகஸ்டு 20 அன்று கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் அவர். விசிறி வீசினால் மேஜை மேலிருக்கும் கொசு பறந்துவிடும் என்று பங்காவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணிகளே துருப்பிடித்தன என்று அவரே எழுதி வைத்தார். இரும்புக்கே அந்தக் கதி. மழை நாளில் துணியை அறைக்குள் மின்விசிறிக்கு அடியில் விரித்துப் போடு. முழுக்கக் காயாததை எத்தனை அவசரமானாலும் போடாதே.

8. அளவில் பொய் சொல்லாதே. இடுப்பை இஞ்சு டேப்பால் அள. பெட்டியில் 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். கல்லூரி நாளில் 85 போட்டோம் என்ற பெருமையில் 95 இடுப்பை அதற்குள் திணிக்கிறவர்கள், நாலு மாதத்தில் தையல் விட்டதும் திருப்பூர்க்காரனைத் திட்டுவார்கள். உன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் தைத்தது சரியாகத்தான் தைத்திருக்கிறான். ஏழெட்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டு முறை மாற்றிப் போடு. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மாறி மாறித் துவைப்பதில் சிக்கனம் இல்லை. ஓய்வு கிடைத்தால் பட்டியும் பழைய அளவுக்குத் திரும்பும். புதிதாக வாங்கியதை ஒரு முறை அலசிவிட்டுத்தான் உடுத்த வேண்டும். அடர்ந்த நிறத்தை முதல் சில தடவை வெள்ளையோடு ஊறப்போடாதே.

9. ஊசி நூல் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். தொடையோரத் தையல் அரை அங்குலம் பிரியும்போதே நாலு தையல் போட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். பார்த்தும் பாராமல் விட்டால் ஒரே வாரம். ஆனால் பட்டி தொளதொளத்து, நடுப்பகுதி கொசுவலை மாதிரி ஆன பிறகும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று போட்டுக்கொண்டு திரியாதே. என் பெரியவர்களில் ஒருவர் பட்டுவேட்டிக்குள் அப்படித்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு அவர் மகன் தலைகுனிந்து நின்றான். வறுமை இல்லை, வங்கியில் பணம் இருந்தது. கஞ்சத்தனம் உள்ளே இருந்துதான் தொடங்கும். காலம் முடிந்ததைத் துவைத்து, வெட்டி, வண்டி துடைக்க வைத்துக்கொள். யாருக்கும் தானம் செய்யாதே.

10. அரிப்பு வந்தால் மேலே சொன்ன சிக்கனத்தை ஓரமாக வை. இங்கே பல ஆண்டுகளாக, வழக்கமான மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே. நாற்பது டிகிரி தண்ணீரில் அது போகாது, அறுபது டிகிரி வேண்டும். கொதித்த தண்ணீரில் சம அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். தனி வாளியில் ஊறவிடு, கையை விட்டுவிடாதே, குச்சியால் புரட்டு. உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் போடு. பட்டி தளர்ந்தால் தளரட்டும், தோல் முக்கியம். துண்டையும் ஜட்டியையும் அறைத்தோழனோடு மாற்றிக்கொள்ளாதே. மருந்துக்கடையில் போய்க் காதோடு சொல்லி, கலப்பு டியூப் ஒன்றை வாங்கித் தடவாதே. அதில் இருக்கும் ஸ்டீராய்டு இரண்டு நாள் அரிப்பை அடக்கும், பிறகு வட்டம் இரண்டு மடங்காகும். அந்த இடத்தைப் போய் எப்படிக் காட்டுவது என்று மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீ முதல் வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் போ. அவர் சொன்ன நாள் வரைக்கும் மாத்திரையை விடாதே, அரிப்பு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதே.