ஒரே அலையில் பல குரல்கள்

வகுப்பில் அனைவரும் ஒரே வேளையில் பேசினால் ஆசிரியருக்கு ஏதும் விளங்குமோ? வானொலி அலையிலும் இவ்விடர் உண்டு.

பசிபிக் பெருங்கடலில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாகு தீவில் இருந்தது. தொலைவிலுள்ள வளாகங்களும் அதனைப் பயன்படுத்த வேண்டுமெனப் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சனும் குழுவினரும் விரும்பினர். 1971ஆம் ஆண்டில் கம்பியின்றியே செய்தி அனுப்பும் முறையை அமைத்தனர். அதன் பெயர் 'அலோஹா வலை'.

அது இயங்கும் விதம் யாது? ஒவ்வொரு கருவியும் தன் செய்தியைச் சிறு பொட்டலமாக்கி, ஒரே அலைவரிசையில், வேண்டிய போது அனுப்பும். அது பழுதின்றிச் சேர்ந்தால் நிலையம், 'கிடைத்தது' என விடை கூறும். இரு பொட்டலங்கள் மோதினால் இரண்டும் சிதையும், விடை வாராது. உடனே இரு கருவிகளும் மீண்டும் அனுப்பினால் மறுபடியும் மோதுமன்றோ? ஆதலின் ஒவ்வொன்றும் குறிப்பின்றித் தேர்ந்த வெவ்வேறு நேரம் காத்திருந்து அனுப்பும்.

இம்முறையில் அலைவரிசையின் நேரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படும். அதற்கு மேல் கருவிகள் முந்தினால் மோதல்களே மிகும். எனவே செய்தி சுருக்கமாகவும் அரிதாகவும் இருத்தல் வேண்டும்.

இன்று ஆற்று நீர்மட்டம் முதலியவற்றை அளந்து, பல கிலோமீட்டர் தொலைவுக்கு அறிவிக்கும் 'லோரா' கருவிகள் பலவும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. ஆகவே சிறு மின்கலமே அவற்றுக்குப் பல ஆண்டுகள் போதுமானது.

சுருங்கச் சொல்லுதல், பொறுத்திருத்தல், மீண்டும் முயலுதல் ஆகிய மூன்றும் கருவிகளுக்கு மட்டுமா? நமக்கும் உரியவையே!