முகில் நடுவே தீவுகள்

தீவு என்றவுடன் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே நம் நினைவுக்கு வரும். வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, பரோயே தீவுகள் என்னும் 18 தீவுகள் உள்ளன. குளிர்காற்று ஓயாது வீசும் அவ்விடத்தில் மரங்கள் அரியன, புல்வெளிகளே மிகுதி. ஆடு வளர்த்தலும் மீன் பிடித்தலும் அம்மக்களின் பழந்தொழில்கள். கடல் அவர்களைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தது; அப்பிரிவே அவர்களுக்கெனத் தனிமொழி ஒன்றையும் வளர்த்தது. நெடுங்காலம் பாட்டிலும் கதையிலும் வாழ்ந்து வந்த அம்மொழிக்கு 1846ஆம் ஆண்டில் எழுத்துமுறை வகுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவற்றை ஒத்த தீவுகள் உண்டு. ஆனால், அவற்றைச் சூழ்ந்திருப்பது கடலன்று. வெப்பம் மிக்க தாழ்நிலமே ஆகும். போடிநாயக்கனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை போடிமெட்டை அடைகின்றது. அடிவாரத்தில் மாந்தோப்புகளும், மேலே ஏற ஏறக் காப்பியும் ஏலமும் தோன்றும். அவற்றுக்கும் அப்பால் 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலையும், 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் நிமிர்ந்து நிற்கின்றன. அச்சிகரங்களில் புல்வெளிகளும், மலை மடிப்புகளில் சோலைக்காடுகளும் உள்ளன. அங்கு வாழும் உயிர்கள் பல, கீழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கா. ஆதலின், ஒரு சிகரத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள பள்ளம் அவற்றுக்குக் கடலே போன்றது. அறிஞர் இச்சிகரங்களை வான்தீவுகள் என்பர்.

சோலைக்காட்டின் நிழலில் வாழும் நீலநிறச் சிறுகுருவி ஒன்று இதற்குச் சான்றாகும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும், தெற்கே வேறோர் இனமுமாக அது பிரிந்து வாழ்கின்றது. 2017ஆம் ஆண்டில் அறிவியலார் இக்குருவிகளுக்கு வகுத்த பேரினத்தின் பெயர் சோலிக்கோலா என்பது. சோலை என்னும் நம் சொல்லே அப்பெயரில் ஒலிக்கின்றது.

இம்மலைகளில் வாழும் பழங்குடியினருள் முதுவர் ஒரு பிரிவினர். தம் முன்னோர் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. காட்டைத் திருத்திக் கேழ்வரகு விளைத்தும், தேன் முதலியன திரட்டியும் வாழ்ந்தவர் அவர். தமிழோடு நெருங்கிய உறவுடைய தனிப் பேச்சுமொழி ஒன்று அவர்களுக்கு உண்டு. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. 2010ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆயிற்று. அங்கு வாழ்வோர் முதுவரே.

இனித் தனிமை நிலைக்குமோ? பரோயே மக்கள் கடலுக்கு அடியிலேயே சுரங்கப்பாதைகள் அமைத்துத் தீவுகளை இணைத்துவிட்டனர். அவற்றுள் முதலாவது 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும், அவர்கள் தம் மொழியைக் கைவிட்டாரல்லர். இன்றும் பள்ளியிலும் செய்தித்தாளிலும் அதனையே வழங்குகின்றனர். மலைக்குச் செல்லும் பாதை மருத்துவத்தையும் கல்வியையும் கொண்டு செல்கின்றது. அவை மலைமக்களுக்கு வேண்டுவனவே. எனினும், கல்வியைப் பெறுவதற்காக ஒரு குழந்தை தன் தாய்மொழியைப் பள்ளி வாயிலிலேயே விட்டுச் செல்லும் நிலை வருதல் ஆகாது.

உயிரினங்களின் நிலையோ இன்னும் கடினமானது. உலகின் வெப்பம் மிகுந்தால் கீழே வாழ்பவை மேலே ஏறும். உச்சியில் வாழ்பவை எங்குச் செல்லும்? கடல்நீர் உயரின் தீவு சுருங்கும். வெப்பம் உயரின் வான்தீவும் சுருங்கும். சோலையைக் காப்பது குருவிக்கு மட்டும் நலமன்று. சோலை தேக்கி வைக்கும் மழைநீரே ஓடையாக இறங்கி, அடிவாரத்து வயலையும் ஊரையும் வாழ்விக்கின்றது. உச்சியின் நலமே அடிவாரத்தின் நலமுமாகும்.